தாத்தா கதைய லிங்க் போட்டு எழுதலாமா? ஹைபர்டெக்ஸ்ட் கதை பத்தி கொஞ்சம் நீளமான பதில்

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமா பாத்தா ரெண்டு கேள்வி. ஹைபர்டெக்ஸ்ட் கதைங்கிறது, அதாவது லிங்க்க தொட்டு ஒரு துண்டுல இருந்து இன்னொரு துண்டுக்கு தாவிப் படிக்கிற கதை, விக்கிப்பீடியால நீல எழுத்த அமுக்கி அமுக்கி கடைசில எங்கயோ போய் நிப்போமே அது மாதிரி தானா, அப்புறம் ஜெயமோகனோட வெண்முரசு நாவல் வரிசை மாதிரி இணையத்துல வந்ததெல்லாம் டிஜிட்டல் இலக்கியம்னு சொல்லலாமா. ஆனா கடைசி வரில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுக்கு பால்வெட்டுக்குப் போன உங்க தாத்தா திரும்பி வரவே இல்ல, என்ன ஆச்சுன்னு வீட்டுல மூணு பேர் மூணு மாதிரி சொல்லுவாங்க, அந்த மூணையும் லிங்க்கா வெச்சு எழுதினா எடுபடுமான்னு. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா பட்டுது, மத்த ரெண்டுக்கும் பதில் அதுக்குள்ளயே வந்துரும். நான் 90கள்ல நாகர்கோவில்ல ஒரு டிடிபி சென்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சுக்கிட்டே எம்.ஏ. படிச்சவன், அப்புறம் 20 வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்குடுக்கிறேன், அதுல 6 வருஷமா மின்னிலக்கியம்னு ஒரு பேப்பரும் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் முறைப்படி படிச்சவன் இல்ல, அதனால ப்ரோகிராம் சமாச்சாரம் ஆழமா கேட்டா எனக்க கிளாஸ் பிள்ளைங்ககிட்டதான் நானே கேட்டு சொல்லணும்.

மொதல்ல சந்தேகமில்லாத விஷயங்கள். ஹைபர்டெக்ஸ்ட்ங்கிற வார்த்தைய உண்டாக்கினது டெட் நெல்சன், 1965ல ஒரு கட்டுரைல அது அச்சுல வந்துது. அதுக்கு 20 வருஷம் முந்தி, 1945லயே வானெவர் புஷ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி மெமெக்ஸ்னு ஒரு மேசைய கற்பனை பண்ணி எழுதினார், மைக்ரோஃபிலிம்ல இருக்கிற ஒரு பக்கத்த இன்னொரு பக்கத்தோட கோத்து வெச்சுக்கலாம், மனசு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தாவுற மாதிரி. புஷ் கதைய பத்தியெல்லாம் யோசிக்கல, ஆராய்ச்சிக்காரன் மேசைல குவியிற காகிதத்த பத்தித்தான் யோசிச்சார். கதைக்காரங்க கம்ப்யூட்டருக்கு காத்திருக்காம அதே வேலைய பேப்பர்லயே பண்ணிட்டிருந்தாங்க. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1941லயே கிளை பிரிஞ்சு பிரிஞ்சு போற ஒரு நாவல பத்தி ஒரு சிறுகதை எழுதிட்டார். அதே நாட்டு கோர்த்தாஸர் 1963ல போட்ட நாவல்ல 155 அத்தியாயம், 1ல இருந்து 56 வரை நேரா படிச்சு மூடி வெச்சுரலாம், இல்லாட்டி 73ல ஆரம்பிச்சு அவர் குடுத்த பட்டியல்படி தாவித் தாவி படிக்கலாம், தாவிப் படிச்சா 55ஆவது அத்தியாயம் வரவே வராது, அது அந்த மனுஷனோட குறும்பு. பி.எஸ். ஜான்சன்னு ஒரு இங்கிலாந்து எழுத்தாளர் 1969ல 27 பகுதிய பைண்ட் பண்ணாம ஒரு பெட்டில போட்டே வித்தார், மொதல் பகுதியும் கடைசிப் பகுதியும் மட்டும் குறிச்சிருக்கும், நடுவுல இருக்கிற 25ஐ சீட்டு மாதிரி கலைச்சு படிச்சுக்கலாம். கேன்சர்ல செத்துப்போன ஒரு சிநேகிதன பத்தின ஞாபகம் அது, ஞாபகம் வரிசையா வராதுங்கிறதுக்காகத்தான் அந்தப் பெட்டி. இந்தக் காரணத்த கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கிடுங்க, உங்க தாத்தா கதைக்கு இது வேணும்.

கம்ப்யூட்டர்ல படிக்கிற ஹைபர்டெக்ஸ்ட் கதைன்னா எல்லாரும் மொதல்ல சொல்றது மைக்கேல் ஜாய்ஸ் எழுதின ‘ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி’ (அயர்லாந்து ஜாய்ஸ் இல்ல, இவர் அமெரிக்கர்). 1987ல ஒரு மாநாட்டுல காட்டினார், 1990ல ஈஸ்ட்கேட்னு ஒரு கம்பெனி ஃப்ளாப்பில போட்டு வித்தாங்க. 539 துண்டு, 900க்கு மேல லிங்க். பீட்டர்னு ஒருத்தன் காலைல ரோட்டோரத்துல ஒரு கார் விபத்த பாத்துட்டு கடந்து போறான், அப்புறம்தான் அவனுக்கு உறைக்குது, அது பிரிஞ்சு போன பொண்டாட்டியும் மகனும் இருந்த காரா இருக்குமோன்னு. அவ்வளவுதான் கதை. அவன் அங்க விசாரிக்கிறான் இங்க விசாரிக்கிறான், ஆனா உள்ளுக்குள்ள தெரிஞ்சுக்கிறதுக்கு பயம், தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கான். நாமளும் அவன் கூட சுத்துறோம். எந்த வார்த்தை லிங்க்னு கோடு போட்டு காட்டாது, ஏதாவது ஒரு வார்த்தைய தொட்டா எங்கயாவது போகும், சும்மா எண்டர் அடிச்சா வேற ஒரு பாதை. நான் மொத தடவை படிச்சப்ப ரெண்டு மணி நேரத்துல நாலு வாட்டி அதே பக்கத்துக்கு வந்து நின்னேன், புத்தகமா இருந்தா தூக்கி வீசியிருப்பேன். ஆனா நாலாவது வாட்டி அதே ஏழெட்டு வரிய படிக்கிறப்ப, அது வரைக்கும் சாதாரணமா தெரிஞ்ச ஒரு பேச்சு பொய்யா தெரிஞ்சுது, ஏன்னா நடுவுல நான் வேற ஒரு துண்ட படிச்சிட்டு வந்திருக்கேன். ஒரு எழுத்துகூட மாறல, ஆனா எனக்கு அது வேற பக்கமா ஆயிருந்துது.

விக்கிப்பீடியாக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு. விக்கிப்பீடியா லிங்க்குக்கு நீங்க எங்கிருந்து வர்றீங்கன்னு தெரியாது, எந்தப் பக்கத்துக்கும் எந்தப் பக்கத்துல இருந்தும் போலாம். ஆஃப்டர்நூன்ல சில துண்டுக்கு காவல் போட்டிருக்கும், குறிப்பிட்ட இன்னொரு துண்ட நீங்க படிச்சிருந்தாத்தான் அது திறக்கும். அதாவது கதைக்கு ஞாபகம் இருக்கு, நீங்க எதெல்லாம் கேட்டுட்டு வந்திருக்கீங்கன்னு அது பாத்து வெச்சிருக்கு. முடிவு எங்கன்னு கேட்டா அதுக்கும் ஜாய்ஸ் அந்தக் கதைக்குள்ளயே பதில் எழுதி வெச்சிருக்கார், கதை நகராம சுத்த ஆரம்பிச்சா, இல்ல உங்களுக்கு சலிச்சுப்போச்சுன்னா, அதோட வாசிப்பு முடிஞ்சுதுன்னு. இந்தப் பதில ஏத்துக்கலாமா கூடாதான்னு எனக்க கிளாஸ்ல வருஷா வருஷம் சண்டை நடக்கும்.

தமிழ்ல இதெல்லாம் ஏற்கனவே இருந்துதுன்னு ஒரு கோஷ்டி உடனே வரும். தேவாரத்துல சம்பந்தர் பாடின மாலைமாற்று, ரதபந்தம் நாகபந்தம்னு தேர், பாம்பு படத்துக்குள்ள எழுத்த அடைக்கிற சித்திரகவி, இதெல்லாம் ஹைபர்டெக்ஸ்ட்டுக்கு பாட்டன்னு கட்டுரையே எழுதுவாங்க. எனக்கு இதுல உடன்பாடில்ல. மாலைமாற்ற முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணுதான், அதுதானே அதோட அழகே, வாசகன் அங்க எதையும் மாத்துறதில்ல. நம்மகிட்ட இதுக்கு நெருக்கமா ஒண்ணு உண்டுன்னா அது வில்லுப்பாட்டு, அதுவும் மேடைல மைக் பிடிச்சு ஒரு மணி நேரத்துல பாடி முடிக்கிறது இல்ல, நம்ம ஊர் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு பாடுறது. நீங்களும் பாத்திருப்பீங்க. நடுராத்திரி சாமக்கொடை நேரம் நெருங்கும், சுடலைமாடன் கதை உச்சத்துக்கு வந்திருக்கும், ஆனா சாமியாடுற கோமரத்தாடி இன்னும் அசையாம நிப்பார். பாட்ட நடத்துற அண்ணாவி அடுத்த கட்டத்துக்கு போகாம அதே இடத்துல நிப்பார், பாடின அடியவே திரும்ப எடுப்பார், வில்லுல அடிக்கிற வீசுகோல் வேகம் ஏறும், குடம் அடிக்கிறவர் கண்ணு கோமரத்தாடி மேலயே இருக்கும். சாமி வந்து ஆடி அடங்கின பிறகு விட்ட இடத்த பிடிச்சு கதைய ஓட்டுவார், நேரம் போயிருந்தா நாலு சம்பவத்த ரெண்டு வரில முடிச்சிருவார். எத சுருக்கலாம் எதுல கைவைக்கவே கூடாதுன்னு அவருக்கு தெரியும், பிறப்ப சுருக்கலாம், சாவ சுருக்க முடியாது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் நம்ம மாவட்டத்து வில்லுப்பாட்ட ஆராய்ஞ்சு 1988ல ஒரு புத்தகமே போட்டிருக்கார், பிறப்புக் கதை இறப்புக் கதைன்னு பிரிச்சு, கதைக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள தொடர்ப நல்லா எழுதியிருப்பார். வில்லுப்பாட்டையும் ஹைபர்டெக்ஸ்ட்டையும் ஒண்ணா வெக்கிறது அவர் இல்ல, அது நானா பாக்கிற ஒப்புமை, அந்த அளவுக்கு எடுத்துக்கிட்டா போதும்.

அடுத்தது, இணையத்துல வந்ததெல்லாம் டிஜிட்டல் இலக்கியமா. வெண்முரசு நம்ம நாகர்கோவில்காரர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1ல தொடங்கி 2020 ஜூலை வரைக்கும் தன் இணையதளத்துல தினம் ஒரு அத்தியாயம்னு எழுதினது, 26 நாவல். உலக அளவுலயே இது பெரிய காரியம், இணையம் இல்லாம இப்படி ஒண்ணு வந்திருக்கவே முடியாது, எந்த வாரப் பத்திரிகை இத்தனை பக்கம் குடுக்கும்? ஆனா அத அச்சடிச்சு அலமாரில வெச்சா எதுவும் குறையாது, அச்சுலயும் வந்திருக்கு. மதுரைத் திட்டம் 1998 பொங்கல்ல இருந்து சங்க இலக்கியம் தொட்டு எல்லாத்தையும் தட்டச்சு பண்ணி இலவசமா போடுறாங்களே, அது பழைய நூல கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்ற வேலை. நான் கிளாஸ்ல ஒரு கேள்விதான் கேக்கச் சொல்லுவேன்: அச்சடிச்சா செத்துருமா? செத்துரும்னா அது மின்னிலக்கியம். இந்த அளவுகோலும் எல்லா இடத்துலயும் நிக்காது. ஜெஃப் ரைமன் 1996ல ‘253’னு ஒண்ண இணையத்துல போட்டார், லண்டன் பாதாள ரயில்ல 7 பெட்டி, பெட்டிக்கு 36 சீட்டு, அது 252, டிரைவரோட சேத்து 253 பேர், ஒவ்வொருத்தர பத்தியும் 253 வார்த்தை. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் தொடர்பு இருந்தா லிங்க் இருக்கும். அது 1998ல புத்தகமாவும் வந்துது, சாகல, தாராளமா படிக்கலாம், ஆனா மூணாவது பெட்டில இருக்கிறவன் நினைச்சுட்டிருக்கிற பொம்பள ஆறாவது பெட்டில உக்காந்திருக்கான்னு விரலால தொட்டுப் போய் பாக்கிற சுகம் போயிடுது. நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போற பாசஞ்சர்ல இத யாராவது பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, இரணியல்ல ஏறுற மீன்காரம்மாவுக்கும் குழித்துறைல இறங்குற நர்சிங் பிள்ளைக்கும் நடுவுல எத்தனை கதை இருக்கும்.

ஹைபர்டெக்ஸ்ட் கதை தமிழ்ல ஏன் பெருசா வரலன்னும் ஒரு கேள்வி வரும். இங்க இருந்து எனக்க கணிப்புதான், நிரூபிக்கச் சொன்னா முடியாது. ஜாய்ஸ் கதை ஃப்ளாப்பில விக்கிற 1990ல நமக்கு கம்ப்யூட்டர்ல எழுத்தே நிலையா இல்ல. எங்க சென்டர்ல ஒரு ஃபாண்ட், எதிர்க்கடைல வேற ஃபாண்ட், ரெண்டுக்கும் உள்ள குறியீடு வேற. ஒரு கவிஞர் தொகுப்ப வேற கடைல அடிச்சு ஃப்ளாப்பில கொண்டு வந்தார், திறந்தா பிரெஞ்சு எழுத்தும் கேள்விக்குறியுமா கொட்டுது, மனுஷன் முகம் வாடிப்போச்சு, ராத்திரி உக்காந்து 84 பக்கத்தையும் நான் மறுபடி அடிச்சேன். வெளிநாட்டுத் தமிழர் டிஸ்கின்னு ஒரு குறியீடு வெச்சிருந்தாங்க, 1999ல சென்னை மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டு குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாச்சு, எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி திறக்கிற யூனிகோட் சாதாரண ஆளுக்கு கைக்கு வந்தது 2000க்கு அப்புறம்தான், 2003 வாக்குல வலைப்பூ கிளம்பிச்சு. ஒரு பக்கத்த எழுதி இன்னொருத்தன் மெஷின்ல அப்படியே திறக்குமான்னே தெரியாத காலத்துல 539 துண்ட கோத்து கதை எழுத யாருக்கு தைரியம் வரும்? எழுத்து ஒரு வழியா நிலையான நேரத்துல மேல்நாட்டுல ஹைபர்டெக்ஸ்ட் கதை அலையே ஓஞ்சுட்டுது. இன்னொரு காரணமும் எனக்குத் தோணும், நமக்கு ‘தொடரும்’ போட்டு நிறுத்தினா அடுத்த வாரம் காத்திருந்து படிக்கிற பழக்கம் ரத்தத்துல ஊறினது, வலைப்பூவும் இப்ப இருக்கிற கதை ஆப்பும் அதுக்குத்தான் தோதா அமைஞ்சுது.

ஹைபர்டெக்ஸ்ட் கதை செத்துப்போன வடிவம்னு சொல்றாங்களேன்னா, பாதி உண்மை. அமெரிக்க நாவலாசிரியர் ராபர்ட் கூவர் 1992ல நியூயார்க் டைம்ஸ்ல ‘புத்தகங்களின் முடிவு’ன்னு தலைப்பு வெச்சே எழுதினார், புத்தகம் ஜம்முனு இருக்கு, அவர் கொண்டாடின ஹைபர்டெக்ஸ்ட் வட்டுகள்தான் இப்ப ஓடுற மெஷின் இல்லாம கிடக்கு. ஃப்ளாஷ்ங்கிற மென்பொருள்ல செஞ்ச அசையுற கவிதைகளுக்கும் அதே கதிதான், 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷ கைவிட்டுது. அமெரிக்கால வான்கூவர் நகரத்துல ஒரு பல்கலைக்கழக லேப்ல பழைய மெக்கின்டாஷ்கள உயிரோட வெச்சு, எழுத்தாளரையே உக்கார வெச்சு படிக்கச் சொல்லி வீடியோ எடுத்து வெக்கிறாங்க. அதே நேரம் 2009ல கிறிஸ் க்ளைமாஸ் ட்வைன்னு இந்த மாதிரி கதை எழுத ஒரு இலவச கருவிய விட்டார், அதுல இருந்து எழுதுறவங்க கூட்டம் வேற மாதிரி பெருகிப்போச்சு, அவங்க பலரும் தங்கள எழுத்தாளர்னே சொல்லிக்கிறதில்ல, கேம்னு சொல்லுவாங்க.

இப்ப உங்க தாத்தா. மொதல் எச்சரிக்கை கணக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு வழி வெச்சு பத்து தடவை பிரிச்சீங்கன்னா 1024 முடிவு வரும், மொத்தம் 2047 பக்கம். பக்கத்துக்கு நூறு வார்த்தைன்னாலும் ரெண்டு லட்சம் வார்த்தைக்கு மேல நீங்க எழுதணும், படிக்கிறவர் அதுல 11 பக்கம் படிச்சுட்டு போயிருவார். அதனால அனுபவப்பட்டவங்க யாரும் மரம் மாதிரி பிரிச்சுக்கிட்டே போக மாட்டாங்க, வாய்க்கால் மாதிரி பிரிச்சு மறுபடி ஒரு மடைல கொண்டு சேப்பாங்க. உங்க கதைக்கு 30, 40 துண்டு தாராளம். ரெண்டாவது, தயவுசெஞ்சு ‘தாத்தாவுக்கு என்ன ஆச்சு?’ன்னு கேட்டு மூணு பட்டன் வெச்சுராதீங்க. அது பரீட்சைல வர்ற சரியான விடைய தேர்ந்தெடு மாதிரி ஆயிரும். அதுக்குப் பதிலா ஒரு பொருள பிடிங்க, அந்த பால்வெட்டுற கத்தின்னு வெச்சுப்போம். பாட்டி சொல்றதுல அது வீட்டுக் கூரை இறவாணத்துல சொருகி இருக்கு, சித்தப்பா சொல்றதுல தாத்தா அத சந்தைல வித்துட்டு பஸ் ஏறினார், மூணாவது ஆள் சொல்றதுல அது எஸ்டேட்ல ஒரு மரத்தடில பால் பிடிக்கிற சிரட்டை பக்கத்துல கிடந்துது. கத்திங்கிற வார்த்தைதான் லிங்க். ஒரே கத்தி மூணு இடத்துல இருக்க முடியாதேன்னு வாசகருக்கே ஒரு கட்டத்துல உறைக்கும், நீங்க எங்கயும் சொல்ல வேண்டாம். மூணையும் படிச்சவருக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு துண்டு வெச்சுக்கலாம், ட்வைன்ல அதுக்கு ஒரு வரி கண்டிஷன் போதும்.

இன்னொண்ணு எந்த இங்கிலீஷ் புத்தகத்துலயும் கிடைக்காது, நாங்க கிளாஸ்ல கொடிக்கயிறு கட்டி அட்டைல எழுதி கிளிப் மாட்டி விளையாடினப்ப அகப்பட்டது. தமிழ்ல வினைச்சொல் கடைசில வரும். ‘தாத்தா அன்னைக்கு ராத்திரி கத்திய எடுத்துக்கிட்டு எஸ்டேட் பங்களாவுக்கு போகவே இல்ல’ன்னு ஒரு வாக்கியம் எழுதி நடுவுல கத்திய லிங்க் ஆக்கினா, வாசகர் ‘போகவே இல்ல’ வர்றதுக்கு முன்னாடியே தொட்டுட்டு ஓடிருவார், போனார்னு நினைச்சுக்கிட்டே அடுத்த துண்ட படிப்பார். இங்கிலீஷ்ல வினை முன்னாடியே வந்துர்றதால இந்தத் தொல்லை இவ்வளவு இல்ல. அதனால லிங்க்க வாக்கியத்தோட கடைசிக்கு தள்ளுங்க, இல்லாட்டி தனி வரியா விடுங்க. வேணும்னே ஏமாத்தணும்னா நடுவுல வைங்க, அதுக்கும் இது நல்ல ஆயுதம்.

கருவி ட்வைனே போதும். லிங்க் வேணும்னா வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் ரெட்டை சதுர அடைப்பு, [[பாட்டி சொன்னது]] இப்படி, அவ்வளவுதான். தமிழ் யூனிகோட் சிக்கல் இல்லாம ஏறும், முடிச்சதும் ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைலா வெளிய வரும், வாட்ஸப்ல அனுப்பினா போன் பிரவுசர்லயே திறக்கும், நெட்டும் வேண்டாம். வேற ஆடம்பர ஆப் எதுலயும் மாட்டாதீங்க, கம்பெனி மூடினா கதையும் போச்சு. எழுதின துண்டெல்லாத்தையும் சாதா டெக்ஸ்ட்டாவும் ஒரு காப்பி வெச்சுக்கிடுங்க, 84 பக்கம் ராத்திரில அடிச்சவன் சொல்றேன்.

படிக்கிறவங்க எப்படி எடுத்துப்பாங்கன்னா, அத யாரும் முன்கூட்டி சொல்ல முடியாது. பிள்ளைங்க செஞ்ச ஒரு பாகப்பிரிவினை கதைய எனக்க அம்மைக்கு போன்ல இருந்து வாசிச்சுக் காட்டினேன், 78 வயசு. ‘இப்ப அண்ணன் கிணத்தடிக்கு போறானா, மாமன் வீட்டுக்கு போறானா, எத அமுக்கட்டும்’னு கேட்டேன். ‘ரெண்டையும் சொல்லு மக்களே, கத சொல்லுகது நீயா நானா’ன்னு கோவிச்சுக்கிட்டா. ரெண்டையும் வாசிச்சேன். கேட்டு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் வெத்தலைய மென்னுட்டே இருந்தா, அப்புறம் ‘அவன் மாமன் வீட்டுக்குத்தான் போயிருப்பான், கிணத்தடின்னு சொல்லுகவன் கள்ளன்’னா. அந்தக் கதைல அப்படி எங்கயும் எழுதல, எழுதின பிள்ளைங்களுக்கே அது தெரியாது.

உங்க வீட்டுல சொல்ற மூணு பேர்ல யாரெல்லாம் இப்ப இருக்காங்கன்னு நீங்க எழுதல. இருந்தாங்கன்னா மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெக்காம, தனித்தனியா போய், அவங்க பேசுற பேச்சுலயே போன்ல பதிஞ்சுட்டு வாங்க, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட மூச்சு விடாதீங்க. ட்வைன் எங்கயும் ஓடிப்போகாது, அத அப்புறமா டவுன்லோட் பண்ணிக்கலாம்.